பெற்றவளை எந்த இல்லத்தில் சேர்ப்பது? வாசலிலேயே கேட்க வேண்டிய கேள்விகள்!

மறதி நோய் முதியோர் உள்ள குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

திருவானைக்காவல்:-

அம்மாவுக்கு வயது 76 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தது திருவானைக்காவல். வாழ்க்கைப்பட்டதும் திருவானைக்காவல். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஜம்புகேசுவரர் சன்னதிக்கும் அகிலாண்டேசுவரி சன்னதிக்கும் போய் வந்துவிடுவார்.

ஒரு நாள் கோவிலுக்குப் போனவரைக் காணோம். தேடிப்போனால் சன்னதி வீதியில் நிற்கிறார். "எங்க வீட்டுக்கு எப்படிப் போகணும்?" என்று பூக்காரியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"வயசாச்சுல்ல, மறதி சகஜம்தான்" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் போகிறது. சாப்பிட்ட கை காய்வதற்குள், "எனக்கு யாருமே சோறு போடல" என்கிறார். பெற்ற மகனைப் பார்த்து, "நீங்க யாரு தம்பி?" என்கிறார்.

மகனுக்குப் பெல் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. மருமகள் பள்ளிக்கூட டீச்சர். மகள் பெங்களூரில். ராத்திரி யாருக்கும் தூக்கம் இல்லை. கடைசியில் ஒரு நாள் அந்தப் பேச்சு வந்தே விடுகிறது.

"அம்மாவை ஏதாவது நல்ல இடமாப் பார்த்துச் சேர்த்துடலாமா?"

கேட்டவர் தலையைக் குனிந்துகொள்கிறார். மற்றவர்கள் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

88 லட்சம் பேர்!

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 2023-ம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வுக் கணக்கு இது: இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100 பேருக்கு 7 பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது. மொத்தம் சுமார் 88 லட்சம் பேர்!

டாக்டர்கள் இதை டிமென்ஷியா என்கிறார்கள். தமிழில் மறதி நோய். இதில் பல வகை உண்டு. அதிகம் பேருக்கு வருவது அல்சைமர் நோய். 1906-ம் ஆண்டு இதை முதன்முதலில் விவரித்த ஜெர்மன் டாக்டர் அலாய்ஸ் அல்சைமரின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது.

இந்த நோயில் மறதி பின்னாலிருந்து முன்னால் போகும். இன்று காலை சாப்பிட்டது மறந்துபோகும். 50 வருடத்துக்கு முந்தைய கல்யாணம் நினைவில் இருக்கும். "வீட்டுக்குப் போகணும்" என்று அழும் பாட்டி கேட்பது, பெரும்பாலும் சின்ன வயதில் தான் வளர்ந்த வீட்டை!

முதலில் டாக்டர்

இல்லத்தைத் தேடும் முன் டாக்டரைத் தேட வேண்டும்.

தைராய்டு குறைந்தாலும் மறதி வரும். வைட்டமின் பி-12 குறைந்தாலும் வரும். மனச்சோர்வு வந்தவரும் மறதிக்காரர் போலவே இருப்பார். கீழே விழுந்து தலையில் அடிபட்டு, உள்ளே மெல்ல மெல்ல ரத்தம் கட்டினாலும் குழப்பம் வரும். நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று திடீர் என்று உளறினால், சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் சிகிச்சை உண்டு.

எனவே திருச்சி அரசு ஆஸ்பத்திரியிலோ, தெரிந்த நரம்பியல் அல்லது மனநல டாக்டரிடமோ காட்டி, என்ன நோய் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல இல்லம் முதலில் கேட்பதும் அந்தச் சீட்டைத்தான்.

இரண்டு பக்கமும் ஆறு

"எப்பாடு பட்டாவது வீட்டிலேயே வைத்துப் பார்க்கக்கூடாதா?" என்று ஊர் கேட்கும். முடிந்தவர்கள் பார்க்கிறார்கள். முடியாத கட்டமும் வருகிறது.

திருவானைக்காவல் இருப்பது தீவில். தெற்கே காவிரி. வடக்கே கொள்ளிடம். ஸ்ரீரங்கத்துக்கும் இந்த ஊருக்கும் நடுவே ரெயில் பாதை. சாலைக்கு வந்தால் ஓயாத பஸ் போக்குவரத்து. கதவு திறந்திருந்த ஐந்து நிமிடத்தில் வெளியே நடந்துவிடும் முதியவருக்கு இங்கே எந்தத் திசையும் பத்திரம் இல்லை. மேட்டூர் அணை திறந்து, ஆடியில் ஆறு நிறைந்து ஓடும்போது கேட்கவே வேண்டாம்!

கவனித்துக்கொள்பவரின் உடம்பும் பார்க்கப்பட வேண்டும். ராத்திரி பூராவும் கண் விழித்து, பகலில் வேலைக்குப் போகும் மருமகள் எத்தனை நாள் தாங்குவாள்? அவளும் படுத்துவிட்டால் இருவரையும் பார்க்க யார் இருக்கிறார்கள்?

இல்லம் என்று முடிவு செய்வது பாவம் ஆகாது. பார்க்காமல் சேர்ப்பதுதான் பாவம்.

அவரால் சொல்ல முடியாது

பையனை ஹாஸ்டலில் சேர்த்தால், லீவுக்கு வரும்போது "சாப்பாடு சரியில்லப்பா" என்பான். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர், "நர்ஸ் கூப்பிட்டா வரமாட்டேங்குது" என்பார். மறதி நோயாளியால் அதுவும் முடியாது.

காலையில் அடித்திருந்தாலும் மாலையில் நினைவு இருக்காது. சோறு போடவில்லை என்று அவர் சொன்னால், "அவங்க எப்பவும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று ஆயா சிரிப்பார். இரண்டில் எது உண்மை என்று உங்களுக்குத் தெரியாது.

ஆகவே அவருடைய கண்ணும் காதும் வாயும் நீங்கள்தான். பார்க்க வேண்டியதைச் சேர்க்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஒரு முறை கண்டுவிட்டது. 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந்தேதி. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநலம் பாதித்தவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு கூரைக் கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள்! பத்திரிகைச் செய்தியைப் பார்த்து சுப்ரீம் கோர்ட்டு தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது.

அவர்களும் தங்கள் கஷ்டத்தை வெளியே சொல்ல முடியாத நிலையில் இருந்தவர்கள்தான்.

சொல்லாமல் போங்கள்

சரி, எப்படிப் பார்ப்பது?

முதல் தடவை டெலிபோனில் நேரம் கேட்டுப் போங்கள். மேனேஜர் சிரித்த முகத்தோடு சுற்றிக் காட்டுவார். தோட்டத்தைக் காட்டுவார். பூஜை அறையைக் காட்டுவார். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை சொல்லாமல் போங்கள். பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள். விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு நாள்.

அது என்ன விளக்கு வைக்கும் நேரம்? மறதி நோயாளிகள் பலருக்குப் பொழுது சாயும்போது பதற்றம் அதிகமாகும். எழுந்து நடப்பார்கள். அழுவார்கள். கதவைத் தட்டுவார்கள். அந்த நேரத்தில் ஓர் இல்லம் எப்படி இருக்கிறதோ, அதுதான் அதன் உண்மையான முகம்.

அங்கே ஒரு பாட்டி, "என் பையன் எப்ப வருவான்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பத்தாவது தடவை கேட்கும்போது ஆயா என்ன பதில் சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள். "வந்துடுவாரும்மா, வாங்க காபி குடிக்கலாம்" என்று கையைப் பிடித்து அழைத்துப்போகிறாரா? "ஏ கெழவி, சும்மா கெட" என்கிறாரா? கட்டிடம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், இந்த ஒரு பதிலில் அந்த இல்லத்தின் தராதரம் தெரிந்துவிடும்.

மூக்கும் ஒரு சாட்சி. உள்ளே நுழைந்ததும் மூத்திர வாடை அடித்தால், துணி மாற்றுவதில்லை என்று பொருள். மூச்சு முட்டும் அளவுக்கு பினாயில் வாடை அடித்தால், அதற்கும் காரணம் கேளுங்கள்.

தங்கியிருப்பவர்களின் நகம் வெட்டியிருக்கிறதா? தலை வாரியிருக்கிறதா? கண்ணாடி, பல் செட், காது மிஷின் எல்லாம் அவரவரிடம் இருக்கின்றனவா? பட்டப்பகலில் எல்லோரும் கட்டிலில் கிடக்கிறார்களா, நாலு பேராவது உட்கார்ந்து பேசுகிறார்களா?

ராத்திரி யார்?

கேட்க வேண்டிய முதல் கேள்வி: "மறதி நோய்க்காரங்களைச் சேர்த்துக்கிறீங்களா?"

பல முதியோர் இல்லங்களில், தன் வேலையைத் தானே செய்துகொள்பவர்களுக்குத்தான் இடம். சேரும்போது மறைத்துச் சேர்த்தால், நோய் முற்றியதும் "அழைச்சுட்டுப் போயிடுங்க" என்பார்கள். எனவே உள்ளதைச் சொல்லுங்கள். "நாளைக்குப் படுத்த படுக்கையானாலும் வெச்சுப் பார்த்துக்குவீங்களா?" என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்த கேள்வி: "ராத்திரியில எத்தனை பேர் டூட்டி?"

பகலில் ஐந்து ஆயாக்கள் இருப்பார்கள். ராத்திரி ஒரே ஒரு வாட்ச்மேன் இருப்பார். மறதி நோயாளிக்குப் பகல் எது, ராத்திரி எது என்று தெரியாது. விழுவதும் வெளியே நடப்பதும் அந்த நேரத்தில்தான். எத்தனை பேர், விழித்திருப்பார்களா, பெண்களைக் குளிப்பாட்டப் பெண் ஆயா உண்டா, இவர்கள் எத்தனை வருடமாக வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். மாதத்துக்கு ஒரு ஆயா மாறும் இடத்தில், முதியவருக்குப் பழகிய முகம் என்று ஒன்று இருக்காது.

டாக்டர் எப்போது வருவார்? நடு ராத்திரி நெஞ்சு வலி என்றால் எந்த ஆஸ்பத்திரி? யார் வண்டியில்? பதில் டக் என்று வர வேண்டும். யோசித்துச் சொன்னால், அதுவரை யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

சாப்பாடும் குளியலும்

"நல்ல சைவச் சாப்பாடு" என்று போர்டு போட்டிருப்பார்கள். அது போதாது. நோய் முற்ற முற்ற மென்று விழுங்கத் தெரியாமல் போகும். புரை ஏறிச் சோறு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். ரசம் சாதம் குழையப் பிசைந்து, நிமிர்த்தி உட்காரவைத்து, பொறுமையாக ஊட்டுகிறார்களா என்று சாப்பாட்டு நேரத்தில் நின்று பாருங்கள். தட்டை வைத்துவிட்டுப் போய், பத்து நிமிடம் கழித்து அப்படியே எடுத்துப்போனால் உஷார்! மாதம் ஒரு முறை எடை பார்த்து எழுதுகிறார்களா என்று நோட்டைக் கேளுங்கள்.

குளியலறைத் தரை வழுக்குகிறதா? பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் தவித்தால், வெளியிலிருந்து திறக்க வழி உண்டா?

படுக்கையில் இருப்பவர்களை 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். "யாருக்காவது படுக்கைப் புண் இருக்கா?" என்று நேராகவே கேட்கலாம்.

கயிறும் மாத்திரையும்

வெளிக்கதவைப் பூட்டுவதில் தவறு இல்லை. இரண்டு பக்கமும் ஆறு ஓடும் ஊரில் பூட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் தீப்பிடித்தால் அந்தச் சாவி யாரிடம்? ஏர்வாடிக்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்காமல் வரக்கூடாது.

ஆளையே கட்டிப்போடுவது வேறு விஷயம். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியால் கட்டுவதை அறவே தடை செய்கிறது. தனி அறையில் அடைத்துவைப்பதற்கும் தடை. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டுமே, மனநல டாக்டரின் அனுமதியோடு பிடித்துக் கட்டுப்படுத்தலாம். ஞாபகசக்தி பெரிதும் கெட்டுப்போவதும் அந்தச் சட்டத்தின் விளக்கத்துக்குள் வருகிறது. எனவே கட்டிலோடு சேலையால் கட்டிவைத்து, "விழுந்துடுவாங்கன்னுதான்" என்று சமாதானம் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத கயிறும் ஒன்று உண்டு. அதுதான் மாத்திரை! தொந்தரவு செய்யாமல் கிடக்க வேண்டும் என்று மயக்கும் மாத்திரை கொடுப்பது உலகம் பூராவும் உள்ள பழக்கம். மனநோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் மறதி நோய் முதியவர்களுக்கு உயிராபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-ம் ஆண்டிலேயே எச்சரித்தது. டாக்டர் தேவை பார்த்துக் கொடுப்பது வேறு. ஆயா தன் தூக்கத்துக்காகக் கொடுப்பது வேறு. "எந்த மாத்திரை கொடுத்தாலும் டாக்டர் சீட்டு எனக்குக் காட்டணும்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பணமும் கையெழுத்தும்

மாதக் கட்டணம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். டெபாசிட் எவ்வளவு? இறந்துவிட்டாலோ, அழைத்துக்கொண்டு போனாலோ திரும்ப வருமா? டயாபர், மருந்து, டாக்டர் பீஸ், தனி ஆயா, இவையெல்லாம் உள்ளேயா வெளியேயா? முதல் மாதம் ஒரு தொகை சொல்லி, மூன்றாவது மாதம் பில் இரண்டு மடங்கானால் சண்டைதான் மிஞ்சும். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. என்ன எழுதியிருக்கிறது என்று புரியாத முதியவரிடம் கைநாட்டு வாங்குவது எளிது. இல்லத்துக்காரரும் வாங்கலாம். சொந்தப் பிள்ளையும் வாங்கலாம். பென்ஷன் பாஸ் புத்தகம், வீட்டுப் பத்திரம், நகை ஆகியவை யாரிடம் இருக்கும் என்பதை அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2007-ம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இவர்களுக்குத் துணை. "கடைசி வரை பார்த்துக்கொள்கிறேன்" என்ற நிபந்தனையில் எழுதி வாங்கிய சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யலாம். கைவிட்ட பிள்ளைகளிடம் மாதம் ரூ.10 ஆயிரம் வரை ஜீவனாம்சம் கேட்டு ஆர்.டி.ஓ. தலைமையில் உள்ள தீர்ப்பாயத்தில் மனுப்போடலாம். பெற்றவர்களை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் 3 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும்!

இல்லத்துக்குப் பதிவு உண்டா என்று கேளுங்கள். முதியோர் இல்லங்கள் பற்றி மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். மனநலம் பாதித்தவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிலையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணும் இருக்கிறது. காசு கிடையாது. காலை 8 மணி முதல் ராத்திரி 8 மணி வரை பேசலாம்.

மறதி நோய்க்கென்றே வேலை செய்யும் அமைப்புகளிடமும் யோசனை கேட்கலாம். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ம் ஆண்டு தொடங்கிய ஸ்கார்ப் அமைப்பு இந்த முதியோருக்கும் உதவுகிறது. அல்சைமர் நோயாளி குடும்பங்களுக்காக 1992-ம் ஆண்டு கேரளாவில் தொடங்கிய சங்கத்துக்கு நாட்டின் பல ஊர்களில் கிளைகள் உண்டு.

ஹாலந்து கிராமம்

ஹாலந்து நாட்டில் ஆம்ஸ்டர்டாம் நகருக்குப் பக்கத்தில் வீஸ்ப் என்று ஓர் ஊர். அங்கே 2009-ம் ஆண்டு ஒரு கிராமத்தையே இல்லமாகத் திறந்தார்கள். வீதி உண்டு. மளிகைக்கடை உண்டு. ஓட்டல் உண்டு. குடியிருப்பவர்கள் அத்தனை பேரும் முற்றிய மறதி நோயாளிகள். கடையில் நிற்பவர்கள் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்கள். வெளி வாசல் மட்டும் பூட்டியிருக்கும். உள்ளே எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம்.

அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்கிறீர்களா? அதன் சாரத்துக்குக் காசு வேண்டாம். ஒருவர் எப்படி வாழ்ந்தாரோ, கூடியவரை அப்படியே வாழவிடுவது. வாழ்நாள் பூராவும் பூத்தொடுத்த பாட்டிக்கு ஒரு பந்து நாரும் நாலு முழத்துக்குப் பூவும் கொடுத்தால், பெயர் மறந்தாலும் விரல் மறக்காது. காலையில் கோலப்பொடி, மாலையில் ஒரு விளக்கு, காபி குடிக்க அவருடைய பழைய டம்ளர். "இதெல்லாம் நாங்க கொண்டுவந்து வெக்கலாமா?" என்று இல்லத்தில் கேட்டுப் பாருங்கள். "தாராளமா" என்றால் நல்ல இடம். "அதெல்லாம் இங்க ஒத்து வராதுங்க" என்றால் அடுத்த இல்லத்தைப் பாருங்கள்.

சேர்த்த பிறகு?

சேர்த்ததும் வேலை முடிந்துவிடாது. இடம் மாறிய முதல் சில வாரங்களில் குழப்பம் கூடும். "என்னைக் கூட்டிட்டுப் போயிடு" என்று அழுவார். அப்போது அடிக்கடி போங்கள். வாரா வாரம் ஒரே நாளில் போகாமல் நாளை மாற்றிப் போங்கள். கையைப் பிடித்துக்கொண்டு உடம்பைப் பாருங்கள். காயம், வீக்கம், இளைப்பு எதுவாக இருந்தாலும் அங்கேயே கேளுங்கள்.

"நம்மளை யாருன்னே தெரியாதே, போய் என்ன பிரயோஜனம்?" என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். பெயர் தெரியாமல் போனாலும், பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவும் கை யாருக்கும் தெரியும். இன்னொன்றும் உண்டு. யாரைத் தேடி ஆள் வருகிறது, யாரைத் தேடி வருவதில்லை என்பது இல்லத்தில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். ஆள் வரும் கட்டிலுக்கு விரிப்பு தவறாமல் மாறும்.

ஆகவே இல்லத்துக்காரரிடம் எல்லாக் கேள்வியையும் கேட்டு முடித்த பிறகு, வீட்டுக்கு வந்து உங்களுக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வாரம் போய்ப் பார்ப்பது யார்? அடுத்த வாரம் யார்? காலண்டரில் பெயரை எழுதிய பிறகு, அம்மாவின் பெட்டியைக் கட்டுங்கள்.